வில்லங்கத்தில் வராத நிழல்

காங்கயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டை ஒட்டி, பச்சைப்பட்டு அவென்யூ என்று இன்றைக்கு வளைவில் எழுதியிருக்கிற இடத்தில் முன்பு ஒரு கொறங்காடு இருந்தது. கொறங்காடு என்றால் உழாத காடு, கிளுவை முள்ளைச் சுற்றிலும் உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை அதன் இஷ்டத்துக்கு வளரவிட்டு, அங்கங்கே வெள்வேல மரங்களை நிழலுக்கு நிறுத்தி, மாட்டை அவிழ்த்துவிட்டு வாசலில் முள்ளுப் படலைச் சாத்திவிட்டு வந்துவிடுகிற காடு. அதை வாங்கிய மனை வியாபாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேசிபியை இறக்கி, டீ குடிக்கக்கூட இடைவெளி விடாமல், மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலியையும் புல்லையும் மரங்களையும் வழித்தெடுத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் மண்ணை இடுப்பில் கைவைத்துப் பார்த்து, "இப்பத்தான் எடமாட்டம் இருக்குது" என்றான்.

மரங்கள் போன லாரியிலேயே அவற்றின் நிழல்களும் போய்விட்டன. ஒன்று மட்டும் போகவில்லை.

அது மனைகளுக்கு நடுவில் கிடந்தது. காலையில் மேற்கே நீண்டு, உச்சிப்பொழுதில் காலடிக்குள் சுருங்கி, சாயங்காலம் கிழக்கே நீண்டு, வெள்வேல இலை எத்தனை பொடியோ அத்தனை பொடியான வெளிச்சப் புள்ளிகளோடு, காற்றடித்தால் ஆடிக்கொண்டு, காற்று நின்றால் நின்றுகொண்டு, தனக்கு மேலே ஒன்றும் இல்லை என்பதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் கிடந்தது. அளக்க வந்தவர்கள் சங்கிலியை அதன்மேல் இழுத்துப் பிடித்து அளந்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கல் நட வந்தவர்கள் தண்ணீர்க் குடத்தை அதில் வைத்தார்கள். விலைக்குக் கேட்க வந்த ஒருவர் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்னவென்று விசாரித்தபோது, பத்திரம் எழுதுகிறவர் வில்லங்கச் சான்றை முன்னும் பின்னும் புரட்டி, "நெழலுன்னு எதுவும் ஏறலீங்களே, தாராளமா வாங்கலாம்" என்றார். ஆனாலும் யாரும் அந்த மனையை வாங்கவில்லை. கறை விழுந்த மனை என்று பேர் வந்துவிட்டது. வேட்டியில் கறை விழுந்தால் கடைக்காரன் என்ன செய்வானோ அதையே வியாபாரியும் செய்தான், குறைத்துக் கொடுத்தான்.

வாங்கியவள் சுந்தராம்பாள். ஈரோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் குழாயை மாட்டிக்கொண்டு ஊரார் பேசுவதையெல்லாம் கேட்டு ஓய்வு பெற்றவள்; ஆகையால் மனிதர்களைப் பற்றி அவளுக்கு அதிகமாக எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது. அவளுடைய புருஷன் சென்னியப்பன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய், போகிற போக்கில் ஒரே ஒரு சொல்லை மட்டும் நாக்கில் விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தச் சொல் 'செரி'. ஊருக்கெல்லாம் கரண்டு கொடுத்த மனிதருக்குக் கரண்டில் ஓடுகிற எதுவும் ஆகாமல் போனது. ஏசி போட்டால் விழுந்த கை இழுத்துக்கொண்டது, காற்றாடி போட்டால் அனல் அடித்தது, சுவருக்குள் படுக்கவைத்தால் மூச்சு வாங்கியது. மனையைப் பார்க்க வந்த அன்றைக்குக் காரிலிருந்து இறக்கி அந்த நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததும் மனிதர் கண்ணை மூடித் தூங்கிப்போனார், வாய் கோணாமல், கை இழுக்காமல், நல்ல காலத்தில் தூங்கியது மாதிரி. சுந்தராம்பாளுக்கு அதற்குமேல் வில்லங்கம் பார்க்க ஒன்றுமில்லை.

வீட்டைப் பின்னால் தள்ளிக் கட்டினாள். அடிமரம் இருந்திருக்க வேண்டிய இடத்தைச் சுற்றி முன்வாசலை அப்படியே விட்டாள். பொழுது நகர நகரக் கயிற்றுக் கட்டிலை நிழலோடு சுற்றி இழுப்பது அவளுடைய அன்றாட வேலையானது.

மற்றவர்களும் கட்டினார்கள். கட்டி முடித்ததும் எல்லோருக்கும் தோட்டம் வேண்டும் என்று தோன்றியது. ஒரு தோட்டத்தை வழித்தெறிந்த இடத்தில்தான் நிற்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குடியிருப்போர் சங்கத்துத் தலைவர் அவிநாசிலிங்கம், பாங்க் மேனேஜராக இருந்தவர், சுந்தராம்பாளுக்கு மேற்கு வீடு. அவர் கோயமுத்தூரிலிருந்து பிரணவ் என்று ஒரு தோட்ட டிசைனரைக் கூட்டிவந்தார். அந்தப் பையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மண்ணைப் பார்த்தான். லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். அதில் எல்லா வீட்டு முன்பும் ஒரே மாதிரி கொரியன் புல், ஒரே மாதிரி பாக்கு மரம் போன்ற வெளிநாட்டுப் பனை, கூம்பாக வெட்டிய ஊசியிலைச் செடி, ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல், நடுவில் தண்ணீர் கொட்டுகிற ஒரு குடம், குடத்துக்குப் பக்கத்தில் மழையில் நனைந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். எல்லோரும் படத்தைப் பார்த்து உருகிப்போனார்கள். இந்த ஊரில் மழை எப்போது பெய்யும், எத்தனை மாதம் பெய்யாது, காற்று எந்தத் திசையில் வரும், தோண்டினால் என்ன வரும் என்று அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. படத்தில் மழை பெய்துகொண்டிருந்ததே, அது போதும் என்று இருந்துவிட்டார்கள்.

தோண்டினார்கள், முழங்கை ஆழத்தில் சுக்கான்கல் வந்தது. அந்தக் கல்லுக்கு மேலேயே பனைகளை உட்காரவைத்து மண்ணை மூடினார்கள். ஆடி பிறந்தது, பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற மேகாத்து, அந்த மேற்குக் காற்று, வழக்கம்போல் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் வந்து, பனைகளை எல்லாம் ஒரே திசையில் படுக்கவைத்துவிட்டுப் போனது. நிமிர்த்திக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஊசியிலைச் செடிகளின் கூம்பை மயில்கள் வந்து உச்சியிலிருந்து சீராகத் தின்றன. கூழாங்கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க வீட்டுக்குள் துப்பியது. தண்ணீர் கொட்டுகிற குடத்தில் குரங்குகள் குளித்தன. இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் பிரணவைத்தான் கூப்பிட்டார்கள். அவன் வந்து, இங்கத்திய மயில்களுக்கும் காற்றுக்கும் அழகுணர்ச்சி போதாது என்கிற பாவனையில் நின்றுவிட்டு, புதிதாக வேறு செடிகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சுந்தராம்பாள் வீட்டில் தோட்டம் போடவில்லை. புருஷனைக் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து, கட்டிலை இழுப்பதற்கே பொழுது சரியாக இருந்தது. அதனால் அந்த நிழலுக்கடியில் தானாக வருவதெல்லாம் வந்தது. முதல் மழைக்குக் கொழுக்கட்டைப் புல் தலை காட்டியது. பிறகு கீழாநெல்லி, மூக்கரட்டை, ஓரத்தில் ஒரு ஆவாரை. ஆவாரைக்குப் பட்டாம்பூச்சி வந்தது, புல்லுக்குக் கவுதாரி வந்தது, கவுதாரி முட்டைக்குக் கீரி வந்தது, கீரி வந்ததால் பாம்பு வரவில்லை. நிழலுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத ஆகாயத்தில், மைனாவும் செம்போத்தும் பச்சைக்கிளியும் வரிசை வரிசையாக உட்கார்ந்து எழுந்தன. மரம் வெட்டப்பட்டதை அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒரு ஆந்தை பகல் முழுக்க வெட்டவெளியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்.

ஊருக்கு அது பழகிவிட்டது. பழகியதும் அதில் உபயோகம் தேட ஆரம்பித்தார்கள். காலையில் நிழல் மேற்கே விழுகிற நேரத்தில் அவிநாசிலிங்கம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார். பிள்ளைகளை அதில் உட்காரவைத்து டியூஷன் நடந்தது. வாசலில் 'மனைகள் விற்பனைக்கு' பலகையில் 'இயற்கை நிழல் வசதி உண்டு' என்று ஒரு வரி சேர்ந்தது. கார்களைக் கொண்டுவந்து அதில் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்களே பிறகு வந்து சத்தம் போட்டார்கள், ஏனென்றால் மேலே பார்த்தால் ஒன்றுமில்லை, காரின் மேல் பார்த்தால் கிளிகள் போட்டது எல்லாம் இருந்தது.

கிழக்கு வீட்டு ரத்தினாம்பாள் ஒரு மத்தியானம் மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க்கா, உங்க நெழலு பொழுது சாஞ்சா எங்க வடகத்து மேல வந்து படுத்துக்குது. சித்தெ அக்கட்டத் தள்ளிக் கட்ட முடியாதுங்களா?"

"கவுறு போட்டுக் கட்டறதுக்கு அதென்ன எருமையா அம்மிணி? வடகத்த நீ தள்ளிப் போடு."

"எங்க வீட்டுக்காரரு, அவிங்க நெழலுக்கு அவிங்கதான் பொறுப்புங்கறாரு."

"உங்க வீட்டுக்காரரு அதே நெழல்லதான காரக் கொண்டாந்து நிறுத்தறாரு. அப்ப அது யாரு நெழலாம்?"

ரத்தினாம்பாள் சிரித்துவிட்டாள். வடகத்துணியை இழுத்து வெயிலில் போட்டாள். பெண்களோடு முடிந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அந்த வருஷம் மாவட்டத்தில் அழகான குடியிருப்புக்கு விருது என்று ஒரு அமைப்பு அறிவித்தது. சித்திரைக் கடைசியில் நடுவர்கள் வருவார்கள், ஆகாயத்திலிருந்து படம் எடுப்பார்கள். அவிநாசிலிங்கத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. பிரணவ் முன்கூட்டியே ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் காட்டினான். பச்சைச் சதுரங்கள் வரிசையாக இருக்க, நடுவில் ஒரு கருத்த திட்டு, சுற்றிலும் மூன்று வீட்டுப் புல் சோகை பிடித்து வெளுத்துக் கிடந்தது. அவன் சுந்தராம்பாள் வீட்டுக்கு வந்து தரையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"மேம், இந்த ஸ்பாட்ல கொரியன் கிராஸ் வராதுங்க. அதுக்கு ஃபுல் சன் வேணும்."

"வராட்டிப் போகுது தம்பி. வந்தது இருக்குதே."

"எதுங்க மேம்?"

"நீ மிதிச்சுட்டு நிக்கறதுதான்."

அவன் குனிந்து பார்த்து, "இது களைங்க மேம்" என்றான்.

"அப்படியா. அதுக்கு நீ யாருன்னு தெரியாது, பாவம். தெரிஞ்சா ஒருவேள வாடிப் போயிருக்கும்."

கட்டிலிலிருந்து சென்னியப்பன், "செரி" என்றார். பையன் அதைத் தனக்கான ஆதரவு என்று எடுத்துக்கொண்டு போனான்.

நிழலை அழிக்க முதலில் விளக்குப் போட்டார்கள். கிரிக்கெட் மைதானத்துக்குப் போடுகிற விளக்குகளைக் கம்பத்தில் ஏற்றிப் பட்டப்பகலில் எரியவிட்டார்கள். வெளிச்சம் நிழலுக்குள் போய்க் காணாமல் போனது, சென்னியப்பன் தூக்கம் கலையாமல் புரண்டு படுத்தார். பிறகு வெள்ளை மார்பிள் சில்லுகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நிழல் அவற்றின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது, முன்னைவிட நன்றாகத் தெரிந்தது.

கடைசியில் சங்கத்துக் கூட்டம் போட்டார்கள். கூட்ட அரங்கில் கூரைத் தகடு காய்ந்து உள்ளே நிற்க முடியாமல் போகவே, நாற்காலிகளைத் தூக்கிவந்து நிழலிலேயே போட்டுக்கொண்டு, நிழலை எப்படி ஒழிப்பது என்று அந்த நிழலில் உட்கார்ந்து வியர்க்காமல் ஆலோசித்தார்கள். இதில் ஒரு கூச்சமும் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. சுந்தராம்பாள் புருஷனுக்கு இளநீரை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். குழாயை மாட்டிக்கொண்டு கேட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்போதுதான் கருப்பண்ணன் பேசினார். அவர் மரக்கடை வைத்து மரம் அறுத்தே வீடு கட்டியவர், எதிர் வரிசையில் மூன்று மாடி.

"மரத்த வெட்டுனதெல்லாம் செரிங்க. மரத்துகிட்ட யாரு கேட்டது?"

"மரத்துகிட்ட என்னத்தக் கேக்கறதுங்க?" என்றார் அவிநாசிலிங்கம்.

"கேக்கோணுங்க. எத்தன மரம் அறுத்திருப்பேன், கேக்காம ஒண்ணு அறுத்ததில்ல. முந்தின நாளு சாயங்காலமே போயி, கோடாலிய மரத்துல சாத்தி வெச்சு, சூடத்தப் பத்தவெச்சு, 'நாளைக்கு எங்களுக்கு இந்த எடம் வேணும், இருக்கறவங்க வேற எடம் பாத்துக்குங்க'ன்னு சொல்லிட்டு வந்துருவோம். பட்சிக்கும் சொன்ன மாதிரி ஆச்சு, கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுக்கும் சொன்ன மாதிரி ஆச்சு. அந்த ஜேசிபிக்காரன் எங்க சொல்லியிருக்கப் போறான், டீசலுக்கு நேரமாச்சுன்னு தள்ளிட்டுப் போயிருப்பான். இதுக்குத் தாக்கல் வரல, ஒருத்தரும் சேதி சொல்லல. அதான் பாவம், இன்னும் இருக்குது."

கூட்டம் யோசித்தது. படித்தவர்கள் நிறைந்த கூட்டம் அது. மார்பிள் கொட்டிப் பார்த்தவர்களுக்குச் சூடம் கொளுத்திப் பார்ப்பதில் என்ன வந்தது.

"யாரு சொல்லோணும்?"

"எடத்துக்காரங்கதான். மத்தவிங்க சொன்னா அது மதிக்காது."

எல்லோரும் கட்டில் பக்கம் திரும்பினார்கள். மனை சென்னியப்பன், சுந்தராம்பாள் இருவர் பேரிலும் இருந்தது. அவிநாசிலிங்கம் எழுந்து வந்து, பாங்கில் கடன்காரர்களிடம் குனிகிற குனிவில் கட்டிலுக்கு மேல் குனிந்து, "ஐயா, இந்த நெழல அனுப்பிரலாங்களா?" என்று கேட்டார்.

"செரி" என்றார் சென்னியப்பன்.

"கேட்டுக்கிட்டீங்களா? ஐயாவே செரின்னுட்டாரு."

"தம்பி," என்றாள் சுந்தராம்பாள், "கொசு வந்து கடிச்சுக்கட்டுமான்னு கேட்டாலும் அவரு செரின்னுதான் சொல்லுவாரு. உங்களுக்கு அதுக்குமேல வெசயம் தெரியோணும்."

"அப்படிச் சொன்னா எப்படிங்க்கா. பொது நன்மைன்னு ஒண்ணு இருக்குதுல்ல? ஒருத்தரு சௌகரியத்துக்காக எத்தன பேரு புல்லு வெளுத்துப் போறது?"

"இந்த வெய்யக்காலத்துல அவர வேற எங்கீங்க படுக்கவெக்கறது? சுவத்துக்குள்ள போட்டா ஒரு வாரம் தாங்க மாட்டாரு."

ரத்தினாம்பாள் தரையைப் பார்த்தாள். அவளுடைய புருஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல ஆஸ்பத்திரி எல்லாம் இப்போது பக்கத்திலேயே வந்துவிட்டதே என்று பொதுவாகச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார்கள், கைகள் தூங்கி எழுந்த மாதிரி ஒவ்வொன்றாக உயர்ந்தன. சுந்தராம்பாள் சொல்லாவிட்டால் நாளைக்கே ஐயாவைக் கட்டிலோடு தூக்கிவைத்து, கோடாலியைக் கையால் தொடவைத்து, கருப்பண்ணன் சொற்களைச் சொல்ல ஐயா 'செரி' என்று சொன்னாலே போதும் என்று முடிவாயிற்று. கருப்பண்ணன் மட்டும், "அது அவ்வளவு நல்லா இல்லீங்" என்று முனகினார். ஆனால் கையை இறக்கவில்லை.

சுந்தராம்பாள் இளநீர்க் கூட்டைத் தூக்கி எறிந்தாள். அத்தனை வருஷம் இணைப்புக் கொடுத்தவளுக்கு ஒன்று தெரியும், லைனில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பேச்சுத்தான் மறுமுனைக்குப் போகும். அவருடைய 'செரி'யை இவர்கள் வாயில் விடுவதைவிடத் தானே பேசுவது மேல்.

"நானே சொல்றனுங்க. அவரக் கம்முனு உடுங்க."

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். குளித்து, நல்ல துணி உடுத்தி, செல்போனை நீட்டிக்கொண்டு வந்தார்கள். பிரணவ் முக்காலியே கொண்டுவந்திருந்தான். கருப்பண்ணன் தன் கடைக் கோடாலிக்கு மஞ்சள் பூசிக் கொடுத்தார். சுந்தராம்பாள் அதை வாங்கி, நிழலின் அடி எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே, ஒன்றுமில்லாத இடத்தில் சாத்தினாள். கோடாலி சாய்ந்து நின்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் மட்டும் முன்னால் நிற்கிறவரைத் தலையைக் குனியச் சொன்னார், படம் மறைகிறதாம். அவள் சூடத்தைக் கொளுத்தினாள்.

"சத்தமாச் சொல்லுங்க்கா, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார் அவிநாசிலிங்கம்.

"இவிங்களுக்கு இந்த எடம் வேணுமாம்" என்று அவள் எக்ஸ்சேஞ்ச் குரலில் ஆரம்பித்தாள். "சொல்லாம வெட்டிப்போட்டாங்க, இப்பத்தான் சொல்ல வந்திருக்காங்க. இருக்கறவங்க வேற எடம் பாத்துக்குங்க."

பிறகு சூடம் அணையாமல் கையால் மறைப்பவள் போலக் குனிந்து, அவளுக்கும் அதற்கும் மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னாள்: "போற எடத்துக்கு நாங்களும் வர்றோம். கட்டலத் தூக்கிட்டு வரோணும், பொறுமையாப் போ."

"என்னுங்க்கா அது, தனியா?"

"வெலாசம் கேட்டேன்."

விடிந்தபோது கோடாலி தரையில் கிடந்தது. பொழுது கிழக்கே ஏறிக்கொண்டிருக்க, நிழலும் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. இனி அதற்குச் சூரியனைப் பற்றிய கணக்கு எதுவும் இல்லை. மதிற்சுவரில் ஏறி இறங்கி, ரத்தினாம்பாள் வீட்டு வடகத்துணியைத் தொட்டுவிட்டு, தெருவில் இறங்கி, தெருவின் நடுவாக வளைவை நோக்கிப் போனது, வயிறு நிறைந்த எருமை நடக்கிற நடையில். அதற்கு மேலே மைனாக்களும் கிளிகளும் செம்போத்தும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் கூடவே போயின. ஆந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. சுந்தராம்பாள் முந்தின நாளே சொல்லிவைத்திருந்த குட்டியானை லோடு வண்டி வாசலில் நின்றது. கட்டிலோடு புருஷனை ஏற்றி, ஒரு பெட்டியையும் சோற்றுப் போசியையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றி, வீட்டைப் பூட்டிக்கொண்டு, தானும் கட்டிலின் காலைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு வேகத்துல போகோணுங்க்கா?" என்றான் டிரைவர்.

"அது போற வேகத்துல போ சாமி. முந்திராத, பிந்திராத."

பச்சைப்பட்டு அவென்யூ முழுவதும் வாசலில் நின்று கைதட்டியது. வாட்ச்மேன் வழக்கப்படி தடுப்புக் கம்பத்தைத் தூக்கி நிழலையும் வண்டியையும் வெளியே அனுப்பிவிட்டு இறக்கினான். தட்டி முடித்த கைகளை எல்லோரும் நெற்றிக்குக் கொண்டுபோனார்கள். வெயில் கண்ணில் அடித்தது. அத்தனை வருஷமாக அது எவ்வளவு வெயிலை வாங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். அவிநாசிலிங்கம் மட்டும், நிழல் சங்கத்து எல்லையைத் தாண்டிப் போகிறதா, எங்காவது சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறதா என்று பார்த்துவருவதாகச் சொல்லிக் காரை எடுத்தார்.

தாராபுரம் ரோட்டில் அன்றைக்குப் போனவர்கள் இன்றும் சொல்வார்கள். கத்திரி வெயில், தார் இளகிக் கிடக்கிறது, நடுரோட்டில் ஒரு குட்டியானை நடைவேகத்தில் ஊர்கிறது, அதற்குப் பின்னால் ஒரு தேங்காய் லாரி, அதற்குப் பின்னால் ஒரு பஸ், பஸ்ஸை ஒட்டிப் பால் வண்டிகள், மொபெட்டுகள், கல்யாணத்துக்குப் போகிற ஒரு வேன். எவனும் ஹாரன் அடிக்கவில்லை. முந்த வந்தவன் பக்கவாட்டில் வெயிலுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி நிழலுக்குள் வண்டியை இழுத்துக்கொண்டான். நிழல் எத்தனை நீளமோ அத்தனைக்குள் எத்தனை பேர் ஒண்ட முடியுமோ அத்தனை பேர் ஒண்டிக்கொண்டு, இன்ஜினை உறுமவிடாமல், அவசரம் எல்லாம் மறந்து, மாட்டுக்குப் பின்னால் போகிற மாடுகளைப்போல் போனார்கள். பஸ்ஸில் குழந்தைகள் தூங்கிப்போயின. சென்னியப்பன் கட்டிலில் மல்லாந்து, தனக்கு மேலே உட்கார்ந்து வருகிற ஆந்தையைப் பார்த்துக்கொண்டே போனார்.

அவிநாசிலிங்கத்தின் கார் பின்னாலிருந்து ஹாரன் அடித்து எல்லோரையும் நகர்த்திக்கொண்டு வந்தது. நிழலுக்குள் நுழைந்ததும் அதன் ஹாரனும் நின்றது. கண்ணாடியை இறக்கினார். ஏசியை அணைத்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டிவந்தார்.

"ஏனுங்க்கா," என்றார் பிறகு, குரல் மாறியிருந்தது, "இது எது வரைக்கும் போகும்?"

"அதுகிட்டயே கேளுங்க தம்பி. உங்க சங்கத்துல கேட்டுச் செய்யறதுதான வழக்கம்."

"அதில்லீங்க்கா. ஐயா ஒடம்பு இருக்கற இருப்புக்கு எதுக்கு இந்த அலைச்சல்? அதையும் கூட்டிட்டுத் திரும்பி வந்துருங்க. ஒரு தீர்மானம் போட்டு மாத்திக்கலாம்."

"யாரு, நீங்களா? உங்களுக்கு ரெண்டு நாள் வேர்த்தா தீர்மானம் மாறும், ஆவணியில மழ பேஞ்சாத் திரும்பியும் மாறும். இதுக்கு ஒருதடவ சொன்னாப் போதும், பாத்தீங்களா. கண்ணாடிய ஏத்திக்குங்க, தூசி வருது."

அவர் ஏற்றவில்லை.

ஒரு திருப்பத்தில் இடது பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு ஒன்று வந்தது. இன்னும் யாரும் விலை பேசாத காடு, அல்லது பேசிப் படியாத காடு. வேலியில் ஒரு படல். நிழல் ரோட்டைவிட்டு இறங்கி, படலுக்கு அடியில் நுழைந்து, வெள்வேல மரங்களின் நிழல்களுக்கு நடுவே கொஞ்சம் துழாவி, காலியாக இருந்த ஒரு இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பறவைகள் ஒருமுறை எழுந்து சுற்றி, பழையபடி உட்கார்ந்தன. குட்டியானையும் இறங்கிப் படலுக்கு முன்னால் நின்றது.

ரோட்டில் நின்றவர்கள் மேல் வெயில் விழுந்தது. அப்போதுதான் ஹாரன்கள் ஆரம்பித்தன, ஒன்றில்லை, எல்லாமும், லாரியும் பஸ்ஸும் வேனும், எல்லோருக்கும் முன்னால் அவிநாசிலிங்கத்தின் கார், தங்களுடைய ஏதோ ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி, யாரைப் பார்த்து அடிக்கிறோம் என்றே தெரியாமல் வெகுநேரம் அடித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள்.

சத்தம் கேட்டுக் காட்டுக்காரி வந்தாள், பாவாத்தாள் என்று பேர், கையில் மாடு ஓட்டுகிற குச்சி. அவளுடைய மாடுகள் எல்லாம் அதற்குள் புது நிழலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், கட்டிலில் கிடந்த மனிதரைப் பார்த்தாள், படலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சுந்தராம்பாளைப் பார்த்தாள்.

"நெழலு உங்களுதுங்களா?"

"இல்லீங்க. நாங்க அதோட ஆளுக."

பாவாத்தாள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கினாள். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. படலின் கயிற்றை அவிழ்த்தாள்.

"உள்ள கொண்டாங்க. கட்டல அந்த மேக்கால போட்றாதீங்க, காளை படுக்கற எடம், அது ஒருத்தருக்கும் உட்டுக்குடுக்காது. இக்கட்டால போட்டுக்குங்க."